மணல்முற்றத்து வைகை

என் பேத்தி வீட்டுக்குள் பேசுவாள். வாசலைத் தாண்டினால் பேசமாட்டாள். போன வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு கவலை இருக்கவில்லை.

வீட்டுக்குள் அவள் பேச்சுக்கு ஓய்வே கிடையாது. மிக்சி ஓடினால் அதை அதட்டுவாள். ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் காக்கையை ‘மாப்ள’ என்று கூப்பிட்டு இட்லித் துண்டு வைப்பாள். ஆனால் செருப்பை மாட்டித் தெருவில் இறங்கியதும் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். எதிர்வீட்டு அம்மாள் என்ன கேட்டாலும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். கடைக்காரர் கையில் மிட்டாயை வைத்துக்கொண்டு பேர் கேட்டால், மிட்டாயே வேண்டாம் என்று திரும்பிவிடுவாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. கூச்சம், போகப் போகச் சரியாகும் என்றார்கள். போகப் போக நான்கு வயதாகியதே தவிர ஒன்றும் சரியாகவில்லை.

நான் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது தொழிலாக இருந்து, பிறகு வியாதியாகிவிட்டது. கொடியில் காயும் துணியை எண்ணுவேன், கல்யாணப் பந்தியில் இலையை எண்ணுவேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வில்லாபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். ஆகவே குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. கவலைப்படுவதும் பெரும்பாலும் என் வேலைதான். மற்றவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

முதலில் சேர்த்த பள்ளி பெரிய கட்டடம். நான்கு மாடி, ஒவ்வொரு மாடியிலும் கம்பிபோட்ட நடைபாதை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு வரிசையாக மேஜை. முதல் மாதம் ஸ்டாண்டிங் லைன், அடுத்த மாதம் ஸ்லீப்பிங் லைன், அதற்கப்புறம் வளைகோடு. தினமும் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். என் பேத்தி அத்தனையும் அச்சடித்த மாதிரி எழுதினாள். நான் பூரித்துப் போனேன். மகளிடம் நோட்டைக் காட்டி, ஒரு கோடுகூட வரியைத் தாண்டவில்லை பார் என்று சொன்னேன்.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் மிஸ்’ சொல்லவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொண்டு நின்றாள். மிஸ் ஒவ்வொரு நாளும் அவளை எழுப்பி நிற்கவைத்து, ஆப்பிள் படத்தைக் காட்டி, இது என்ன, என்ன கலர் என்று கேட்டிருக்கிறார். கெட்டவர் இல்லை அவர். பேசவைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்டார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். சில வாரத்தில் காலையில் சீருடையைப் பார்த்ததுமே குழந்தை வாந்தியெடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். எழுத்தில் முழு மார்க், வாய்மொழியில் எல்லாப் பாடத்திலும் பூஜ்யம், இப்படியே இருந்தால் ஜூனில் யு.கே.ஜி.க்கு ஏற்ற முடியாது, டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள். வெளியே வந்தபோது கேட்டருகே நின்ற ஒரு தாய் இன்னொரு தாயிடம், “அந்த ஊமப் பிள்ளை இதுதான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகள் காதிலும் விழுந்தது. அவள் வண்டிச் சாவியைத் தேடுவதுபோலக் கைப்பைக்குள் குனிந்துகொண்டாள். சாவி அவள் விரலிலேயே மாட்டியிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, வீட்டில் இவ்வளவு பேசுகிற பிள்ளைக்குப் பேச்சில் குறையில்லை என்றார். பயம். கேள்வி கேட்டு நெருக்காதீர்கள், விளையாடுகிற இடத்தில் விடுங்கள், பொறுத்துப் பாருங்கள். எவ்வளவு காலம் பொறுப்பது என்று நான் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்த இடத்தில்தான்.

மகள் மூன்று முடிவு எடுத்தாள். குழந்தையை அந்தப் பள்ளியிலிருந்து உடனே நிறுத்துவது. டாக்டர் சொன்னபடி ஒரு விளையாட்டுப் பள்ளியில் ஜூன் வரைக்கும் விட்டுப் பார்ப்பது. அதற்குள் வெளியில் வாய் திறக்கவில்லை என்றால், அவள் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு சென்னைக்குப் போய், ஒரு வருடமோ இரண்டு வருடமோ தங்கிப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது. மாப்பிள்ளையும் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. திருப்பூரில் ஒருவர், சென்னையில் இரண்டு பேர், வில்லாபுரத்தில் ஒருவன் என்று நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு குடும்பம் மூன்று ஊராகிறது. எல்லாம் அந்தக் குழந்தை வாய் திறப்பதில் இருக்கிறது.

விளையாட்டுப் பள்ளி அவனியாபுரத்தைத் தாண்டி, வீட்டுமனைகள் முடிந்து கருவேலம் தொடங்குகிற இடத்தில் இருந்தது. பள்ளி என்றால் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு மணல் முற்றம், ஒரு வேம்பு, ஒரு தண்ணீர்க் குழாய், கயிற்றில் தொங்கும் ஒரு டயர். கரும்பலகை இல்லை. மேஜை இல்லை. பிள்ளைகள் பதினேழு பேர். நடத்துகிற அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் அவரை ‘அக்கா’ என்றார்கள். எனக்கு அது வாயில் வராது என்பதால் நான் டீச்சர் என்றே கூப்பிட்டேன். விமான நிலையம் பக்கம் என்பதால் அவ்வப்போது தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும். அப்போது பதினேழும் அப்படியே நின்று அண்ணாந்து பார்க்கும். டீச்சரும் பார்ப்பார். அந்தப் பள்ளியில் எல்லாரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

காலையில் விடும்போது பேத்தி அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் கூட்டி வரும்போது தலைமுடியெல்லாம் மணலாக இருக்கும். கவுனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். வீட்டுக்குள் நுழைந்த பிறகு, இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பேன்.

“தண்ணி ஊத்துனேன்” என்பாள்.

மறுநாளும் தண்ணி ஊத்துனேன். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் இப்படிப் போனபின் நான் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். ஜூனுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று சொன்னேன். குழந்தை ஏற்கெனவே கற்றுக்கொண்ட எழுத்தும் மறந்துகொண்டிருக்கிறது, நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதற்கு எங்கள் வீட்டிலேயே குழாய் இருக்கிறது என்றும் சொன்னேன். சொன்ன தொனி அவ்வளவு நன்றாக இல்லை.

அவர் கோபப்படவில்லை. “இங்க அவ பேசலைங்கிறத யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல சார். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அம்புட்டுத்தான்” என்றார்.

“பேசிருவாளா?”

“தெரியல சார். நானும்தான் பயந்துக்கிட்டு இருக்கேன்.”

இந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. டாக்டருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது என்றால் யாருக்குத்தான் தெரியும் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு காலை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் வந்து முற்றத்தின் சுவரோரம் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒரு காலைக்கு இரண்டு பேர். சும்மா உட்கார வேண்டும். சொல்லிக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, ‘சூப்பர்’ என்று கைதட்டக் கூடாது. யாராவது விழுந்து ரத்தம் வந்தால் மட்டும் எழுந்திருக்கலாம். உத்தியோகத்தில் இருந்தபோதுகூட இத்தனை கட்டுப்பாட்டோடு நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது.

என்னோடு உட்கார வாய்த்தவர் சிம்மக்கல் பக்கம் வெங்காய மண்டி வைத்திருப்பவர். என்னைவிடப் பாதி வயது. அவருடைய மகன் அங்கே படித்தான், அதாவது விளையாடினான். முதல் தடவை உட்கார்ந்தபோது மண்டிக்காரர் பத்து நிமிடம் போனைப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். விழித்ததும், “அண்ணே, இதுக்கு வீட்டுலயே தூங்கியிருப்பேன்” என்றார்.

நான் தூங்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். என் பேத்தி குழாய்க்கும் மணல்மேட்டுக்கும் பிடி உடைந்த ஒரு மக்கில் தண்ணீர் சுமந்தாள். தேங்காய்ச் சிரட்டையால் தோண்டிய ஒரு பள்ளத்தில் ஊற்றுவாள். மணல் குடித்துவிடும். திரும்பவும் போவாள்.  இந்தக் குழந்தையின் ஒரு வருடம் இப்படித்தான் மணலுக்குள் போகிறது என்று நினைத்தேன். அடுத்த மாதம் உட்கார்ந்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. முதலில் பள்ளத்தின் கரையையும் அடியையும் நன்றாக நனைத்து, தட்டி, அதற்குப் பிறகு நிரப்பினாள். நனைந்த மணல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும் என்பதை யாரும் சொல்லாமலே அவள் கண்டுபிடித்திருந்தாள். அதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதில் தேறிவிட்டாள் என்று மகளிடம் கசப்பாகச் சொன்னேன்.

அந்தக் கோடையில் சித்திரைத் திருவிழா முடிந்ததும் பள்ளி மறுபடி ஒரு வாரம் நடந்தது, அதற்குப் பிறகு விடுமுறை. எங்கள் மூன்றாவது முறை அந்த வாரத்தில் வந்தது. மகள் அதற்குள் சென்னையில் வீடு விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். மருத்துவமனையில் வேலையை விடப் போவதாக வாய்மொழியாகச் சொல்லியும் விட்டாள். அன்று காலை நான் உட்கார்ந்தது நம்பிக்கையோடு அல்ல.

திருவிழாவுக்குப் பிந்தைய வாரத்தில் மதுரைப் பிள்ளைகள் என்ன விளையாடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதை அப்பாவின் தோளிலிருந்தோ டிவியிலிருந்தோ பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. அந்த முற்றத்தில் ஒரு முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு துடைப்பத்தைக் கட்டிக் குதிரையாக்கியிருந்தார்கள். பச்சைத் துண்டு சுற்றிய ஒரு சுரைக்காய்தான் அழகர். தூக்குவதற்கு நாலு பேர், அவர்களில் முன்னால் நின்றவன் மண்டிக்காரர் மகன். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலோடு மூன்று பேர். திருவிழாவில் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அழகரைக் குளிர்விப்பார்களே, அவர்கள் இவர்கள். ஒரு சிறுமி சின்னச் செம்பில் மணலை நிரப்பி, திருவிழாவில் அழகருக்கு ஏந்துகிற சர்க்கரைச் செம்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் பேத்திதான் வைகை. ஆறு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்களா, அவளே எடுத்துக்கொண்டாளா தெரியாது. இந்தத் தடவை பள்ளம் நீளமாக, நடுவில் ஒரு வளைவோடு, அசல் ஆறு போலவே இருந்தது. அவள் மக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி அதை நிரப்பினாள். விளிம்பு தொடுகிற அளவுக்குத் தண்ணீர் வந்ததும் கரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அழகர் புறப்படலாம் என்று அர்த்தம்.

அழகர் புறப்பட்டார். சுவரோரத்திலிருந்து நேராக ஆற்றுக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. மதுரையில் பிறந்த யாருக்கும் பொறுக்காது. மூன்றுமாவடியில் ஊரே எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை இல்லாமல், தல்லாகுளத்தில் நிற்காமல், அழகர் எப்படி நேராக ஆற்றில் இறங்குவார்? வாய் தன்னால் திறந்துவிட்டது.

“எதிர்சேவை எங்கப்பா? அத விட்டுட்டீங்க” என்றேன்.

இந்தத் தடவை தூங்காமலிருந்த மண்டிக்காரர் என்னைவிட மோசமானவர். “அண்ணே, அதுக்கும் முன்னால கள்ளர் வேசம்ல. கையில கம்பு எங்க? கம்பில்லாம மலையவிட்டே எறங்க மாட்டாரு” என்றார்.

“கம்பு கிடக்கட்டும். குதிரையே தப்பு. தல்லாகுளத்துல வந்துதான குதிரைக்கு மாறுறாரு?”

“அதச் சொல்லுங்க. மலையிலருந்து பல்லக்குலதான வாராரு.”

பிறகு நான் எழுந்தேன். ரத்தம் வராமலேயே எழுந்தேன். என் செருப்பில் ஒன்றை எடுத்து வேம்படியில் வைத்து, இது மூன்றுமாவடி என்றேன். இன்னொன்றை டயருக்குக் கீழே வைத்துத் தல்லாகுளம் என்றேன். மண்டிக்காரர் அது இடம் தப்பு, தல்லாகுளம் ஆற்றுக்கு இன்னும் பக்கம் என்று செருப்பைத் தள்ளி வைத்தார். வழியில் அழகர் இறங்கி நிற்கிற மண்டகப்படிகளை நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். அவர் நான் விட்டதை எடுத்துக் கொடுத்தார். ஆற்றில் இறங்கும்போது அழகர் உடுத்தும் பட்டு என்ன கலர் என்பதில் ஒரு பேச்சு வந்து, எந்த வருடம் எந்தப் பட்டு, அந்த வருடம் மழை எப்படி என்று போய்விட்டது. டீச்சர் உள்ளே பிள்ளைகளுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் எங்களைத் தடுக்க ஆளில்லை.

தூக்கி வந்த நாலு பேரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். கை வலித்திருக்கும். அழகரை அப்படியே மணலில் இறக்கினார்கள். ஒருவன் டயரில் ஏறப் போனான். பாட்டில்காரர்கள் தங்களுக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டார்கள். சர்க்கரைச் செம்புக்காரி மணலைக் கொட்டிவிட்டாள். விளையாட்டு படுத்துவிட்டது. அதை நான் பார்த்தேன், ஆனால் எதிர்சேவைக்கு வழி செய்துவிட்டால் எழுந்துவிடும் என்று நினைத்தேன்.

“தண்ணி வத்துது.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் கேட்டுப் பழகிய குரல். அதனாலேயே ஒரு கணம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்தில் இருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கரையில் எழுந்து நின்றிருந்தாள். ஆற்றில் பாதித் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அவ்வளவு நேரம் சுமந்த தண்ணீர் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“டேய், தண்ணி வத்துதுடா. தூக்கிட்டு வாங்கடா” என்றாள். சத்தமாக. மிக்சியை அதட்டுகிற அதே குரலில். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தாத்தா, நீங்க கூட்டம். கூட்டம் ஒக்காரணும்.”

 அவள் மண்டிக்காரரையும் விரலால் சுட்டினாள்.

“நீங்களும்தான்.”

“சரி ஆத்தா” என்று மண்டிக்காரர் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். 

பிள்ளைகள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒருவன்கூட, ஏய் இவள் பேசிட்டாள் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து நிற்கவில்லை. தண்ணீர் வற்றுகிறது என்றதும் டயரில் இருந்தவன் குதித்து ஓடி வந்தான், நாலு பேரும் அழகரைத் தூக்கினார்கள், மண்டிக்காரர் மகன் அவளைப் பார்த்து, “நீ ஊத்து, நாங்க வந்துட்டோம்” என்றான். அவள் மக்கை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். அவ்வளவுதான். நாங்கள் ஒரு வருடம் தவம் கிடந்த விஷயம் அவர்களுக்குச் செய்தியே இல்லை.

அடுக்களை வாசலில் டீச்சர் வெள்ளரிக்காய்த் தட்டோடு நின்றார். எப்போது வந்தாரோ. நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்க வேண்டும், உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். 

அழகர் ஆற்றில் இறங்கினார். எதிர்சேவை இல்லாமல், தல்லாகுளம் இல்லாமல், சுரைக்காய் ஒரு பக்கம் சாய்ந்தபடி இறங்கினார். கூட்டம் கோவிந்தா சொல்லணும் என்று சர்க்கரைச் செம்புக்காரி எங்களுக்குக் கட்டளையிட்டாள். நாங்கள் இருவரும் சொன்னோம். பாட்டில்காரர்கள் கூட்டத்தின் மேலும் பீய்ச்சினார்கள். என் கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் ஒரு வசதி இருந்தது. மண்டிக்காரர் என் பக்கம் சாய்ந்து, “அண்ணே, ஒங்க பேத்தி பேச மாட்டான்னுல்ல எங்க வீட்டுப் பய சொன்னான். இப்ப என்னைய ஒக்கார வச்சிருச்சே” என்றார். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். கூட்டம் பேசக் கூடாது.

மத்தியானம் கேட்டருகே டீச்சர் குரலைத் தாழ்த்தி, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், வழியில் அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்று சொன்னார். பிறகு அவரே தாங்கமாட்டாமல், “நான் உள்ள இருந்ததுனால பாதிதான் காதுல விழுந்துச்சு. முதல்லருந்து என்ன சொன்னா சார்?” என்று கேட்டார். நான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்றார்.

வீடு வரைக்கும் ஆட்டோவில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோக்காரர் ஏதோ கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள்.  கனவு கண்டேனோ என்றுகூட நினைத்தேன். ஆனால் என் சட்டை ஈரமாக இருந்தது.

அன்று மத்தியானம் அவள் தூங்கியதும் உட்கார்ந்து யோசித்தேன். பழைய பள்ளியில் அவளை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இது என்ன, அது என்ன கலர், உன் பேர் என்ன. நானும் வீட்டில் அதையேதான் கேட்டேன். கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் முன்பே தெரியும். ஆப்பிள் சிவப்பு என்று அவள் சொல்லித்தான் மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. மீட்டரில் என்ன எண் இருக்கும் என்று முன்பே தெரிந்தால் நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்க மாட்டேன். தெரியாததால்தான் அந்த வெயிலில் போனேன். அந்த முற்றத்தில் ஆறு வற்றுகிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை, அழகர் மணலிலேயே கிடப்பார். முதன்முறையாக அவள் பேச்சு யாருக்கோ தேவைப்பட்டது. சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நானும் மண்டிக்காரரும் அதைக் கெடுக்கத்தான் எழுந்தோம். கெடுத்ததால்தான் அவள் கத்தினாளா, கெடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் முன்பே பேசியிருப்பாளா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பிறகொரு நாள் டீச்சரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை அந்தப் பதில் என்னை ஒன்றும் செய்யவில்லை.

மகளுக்குப் போன் செய்யவில்லை. ஊசியும் ரத்தமுமாக வேலை பார்க்கிறவளிடம் நடுவேலையில் இதைச் சொன்னால் கை நடுங்கும். சாயங்காலம் அவள் வந்து வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய் நின்றேன். பல மாதமாக அவள் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையாட்டுவேன், உள்ளே போவாள். அன்று நான் தலையாட்டவில்லை.

“என்னப்பா?” என்றாள். பயந்துவிட்டாள். “என்ன ஆச்சு?”

“என்னையத் திட்டிட்டாம்மா.”

“யாரு?”

“ஒம் மகதான். பள்ளிக்கூடத்துல வச்சு, அம்புட்டுப் பேரு முன்னாடி.”

அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். செருப்பை மூன்றுமாவடியாக வைத்ததையும் விடாமல் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு ஒரு இடத்தில் மாறியது. மாறட்டும் என்று நான் எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்கப்பா.”

“தாத்தா, நீங்க கூட்டம். கூட்டம் ஒக்காரணும்.”

“சத்தமாவா சொன்னா?”

“நல்ல சத்தமா.”

“அப்ப சத்தமாச் சொல்லுங்க.”

சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். மகள் இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறையும் சொன்னேன்.

அதற்கப்புறம் எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மறுநாள் முற்றத்தில் அவள் பேசியது “மக்கு குடு” மட்டும்தான். அதற்கடுத்த நாள் ஆறு பற்றி மண்டிக்காரர் மகனோடு ஒரு சண்டை, அது நீண்ட சண்டை என்று டீச்சர் சொன்னார். விடுமுறைக்குள் பதினாறு பேரோடும் பேசிவிட்டாள். டீச்சரோடு கடைசி நாள்தான், அதுவும் காதோடு. மகள் மருத்துவமனையில் வேலையை விடவில்லை என்று சொன்னாள். சென்னை வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று தகவல் போயிற்று. ஜூனில் அவளை வேறு பள்ளிக்கும் அனுப்பவில்லை. ஓட்டு வீட்டிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்றாள் மகள். நான் ஆட்சேபிப்பேன் என்று எதிர்பார்த்து இரண்டு காரணம் தயாராக வைத்திருந்தாள். இரண்டையும் சொல்ல நான் விடவில்லை.

கடைக்காரரிடம் அவள் இன்னும் பேசுவதில்லை. ஆட்டோக்காரர் கேட்டால் தரையைத்தான் பார்க்கிறாள். அது என்னை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இப்போது நான் ராத்திரி படுத்தால் தூங்குகிறேன். மாதத்தில் ஒரு காலை சுவரோரம் போய் உட்காருகிறேன். போன தடவை அந்தப் பிள்ளைகள் கப்பலூர் டோல்கேட் விளையாடினார்கள். டோல்கேட்டில் லாரிக்கும் காருக்கும் தனித்தனி வரிசை உண்டு, இவர்கள் இரண்டையும் ஒன்றாக விட்டார்கள். மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டோம்.